நான்காவது வரி

(மாவட்ட நூலக அரங்கொன்றில் உடற்கல்வி ஆசிரியர்கள் நடுவே ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



நோட்டீஸில் ‘பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். பஸ் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்றவர் அந்த நோட்டீஸை வாங்கிப் படித்துவிட்டு, “ஆறு மெடல், அதுல தங்கம் ஒண்ணுகூட இல்ல. இதப் பத்தி ஒரு மணி நேரம் என்ன சார் பேசுவீங்க?” என்றார். நியாயமான கேள்வி. ஆறு பதக்கம் என்றால் பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். ஆனால் அதே பாரிஸில் நமக்கு ஆறு நான்காம் இடங்களும் கிடைத்தன. நான் பேச வந்தது அவற்றைப் பற்றி.

பதக்கங்களை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மரியாதையாக இருக்காது. 2024இல் இந்தியா அனுப்பிய அணியில் 117 பேர். தொடக்க விழாவில் சேன் நதிப் படகில் கொடி பிடித்தவர்கள் பி.வி. சிந்துவும் நம் சென்னை சரத் கமலும். துப்பாக்கி சுடுதலில் மனு பாகருக்குத் தனியாக ஒரு வெண்கலம், சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து இன்னொன்று. ரைஃபிளில் ஸ்வப்னில் குசாலே, மல்யுத்தத்தில் அமன் ஷெராவத், அப்புறம் ஹாக்கி அணி. இவையெல்லாம் வெண்கலம். நீரஜ் சோப்ராவின் ஈட்டிக்கு வெள்ளி.

ஹாக்கியை ஒரு வரியில் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. கால் இறுதியில் பிரிட்டனோடு ஆட்டம். 17ஆவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மீதி ஆட்டம் முழுக்கப் பத்துப் பேர். ஹாக்கி ஆடியவர்களுக்குத் தெரியும், பதினொரு பேர் ஓடும் மைதானத்தில் பத்துப் பேர் நாற்பது நிமிடத்துக்கு மேல் ஓடினால் நுரையீரல் என்ன சொல்லும் என்று. 1-1 என்று சமன் செய்து, ஷூட்-அவுட்டில் 4-2 என்று ஜெயித்தார்கள். கோலில் நின்றவர் ஸ்ரீஜேஷ், இதுதான் தன் கடைசிப் போட்டி என்று முன்பே அறிவித்துவிட்டு வந்தவர். அந்த ஆட்டத்தை நான் உட்கார்ந்து பார்க்கவில்லை. நின்றுகொண்டே பார்த்தேன்.

இப்போது கணக்குக்கு வருவோம். டோக்கியோவில் நமக்கு ஏழு பதக்கம், பட்டியலில் 48ஆம் இடம். பாரிஸில் ஆறு பதக்கம், 71ஆம் இடம். குறைந்தது ஒன்று, இறங்கியது இருபத்து மூன்று படி. ஏனென்றால் பட்டியல் தங்கத்தை வைத்து அடுக்கப்படுகிறது. ஒரே ஒரு பதக்கம் வாங்கிய பாகிஸ்தான் 62ஆம் இடத்தில் நமக்கு மேலே நின்றது, அந்த ஒன்று தங்கம் என்பதால். அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்தார், ஒலிம்பிக் சாதனை. நீரஜ் 89.45.

இந்த 89.45ஐக் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவில் அவர் தங்கம் வாங்கிய எறிதல் 87.58. அதாவது தங்கம் வாங்கிய அன்றைவிட வெள்ளி வாங்கிய அன்று ஈட்டி ஒன்றே முக்கால் மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் விழுந்திருக்கிறது. பாரிஸில் அவருடைய ஆறு வாய்ப்பில் ஐந்து ஃபவுல், செல்லுபடியானது அது ஒன்றுதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் நம் ஊரில் என்ன பேசினார்கள்? “நீரஜ் தங்கத்தை விட்டுட்டான்.”

இன்னொரு கணக்கு, இது நம் பக்கத்து ஊர்க் கணக்கு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு. பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். உலோகத்தைப் பார்த்தால் படி இறங்குகிற மாதிரி இருக்கிறது. அளவைப் பாருங்கள்: 1.89, 1.86, 1.85. எட்டு வருஷத்தில் நான்கு சென்டிமீட்டர். என் உள்ளங்கையின் அகலம்கூட இல்லை. அவர் அதே உயரத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறார். உலகம் நகர்ந்திருக்கிறது. மூன்று பாராலிம்பிக்கில் தொடர்ந்து பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் அவர்தான்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் விசில் ஊதியவன். எனக்குப் பழக்கமான உலகம் சுண்ணாம்புக் கோடும் ஸ்டாப் வாட்சும். ஒரு விஷயம் சொல்கிறேன், இங்கே உட்கார்ந்திருக்கிற பாதிப் பேருக்கு இது நடந்திருக்கும். பல வருஷம் முன்னால் ஒரு மாவட்ட அளவிலான போட்டி. மாணவியர் 400 மீட்டர் ஃபைனல். முடிவுக் கோட்டில் மூன்று வாட்ச், மூன்று பேர். முதல், இரண்டாவது, மூன்றாவது. எங்கள் பள்ளிப் பெண் நான்காவதாக வந்தாள். மூன்றாவது வந்தவளின் தோளுக்குப் பின்னால்தான் அவள் தோள் இருந்தது. கோட்டைத் தாண்டி மூச்சு வாங்கிக்கொண்டே வந்து, “சார், என் டைம் என்ன?” என்று கேட்டாள். நான் போய் மேஜையில் கேட்டேன். படிவத்தைத் திருப்பிக் காட்டினார்கள். அதில் மூன்று வரிதான் அச்சடித்திருந்தது. நான்காவதுக்கு வாட்சும் இல்லை, வரியும் இல்லை.

அடுத்த வருஷம் அவள் முன்னேறினாளா, பின்தங்கினாளா என்று எப்படிச் சொல்வது? எதோடு ஒப்பிடுவது? “போன வருஷம் நாலாவது, இந்த வருஷமும் நாலாவது” என்று மட்டும் சொல்லலாம். பத்தாம் வகுப்பு முடிந்ததும் ஓட்டத்தை விட்டுவிட்டாள். அவள் விட்டதற்குக் காரணம் அந்தப் படிவம்தான் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் ஆயிரம் இருக்கும். ஆனால் அவளை நிறுத்திவைத்துப் பேச என் கையில் ஒரு எண் இல்லை.

அதனால்தான் பாரிஸ் முடிந்ததும் நான் நான்காவது வரியை என் நோட்டில் எழுதிப் பார்த்தேன். எழுதியதைப் படிக்கிறேன்.

மீராபாய் சானு, பளுதூக்குதல், 49 கிலோ பிரிவு. ஸ்னாட்ச் 88, கிளீன் அண்ட் ஜெர்க் 111, மொத்தம் 199 கிலோ. வெண்கலம் வாங்கிய தாய்லாந்துப் பெண் 200. ஒரு கிலோ, கடையில் வாங்குகிற ஒரு சர்க்கரைப் பொட்டலம். கடைசி முயற்சியில் 114 வைத்தார், ஏறவில்லை. அன்று தனக்கு மாதவிடாயின் மூன்றாம் நாள் என்று பிறகு அவரே வெளிப்படையாகச் சொன்னார். நம் மைதானங்களில் எத்தனை பெண் பிள்ளைகள் அதைச் சொல்ல முடியாமல் “வயித்து வலி சார்” என்று ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். டோக்கியோவில் அவர் தூக்கியது 202. பாரிஸில் மூன்று கிலோ குறைவு. இடையில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இடுப்புக் காயத்தோடு மேடை ஏறி, அங்கேயும் நான்காவது.

மகேஷ்வரி சௌஹானும் அனந்த்ஜீத் சிங் நருகாவும், ஸ்கீட் துப்பாக்கி சுடுதல், கலப்பு இரட்டையர். வெண்கலத்துக்கான மோதலில் சீனா 44, நாம் 43. உடையாமல் போன ஒரே ஒரு களிமண் தட்டு.

அர்ஜுன் பபுதா, 10 மீட்டர் ஏர் ரைஃபிள். ஒவ்வொருவராக வெளியேற்றும் ஃபைனலில் பதக்கத்துக்கு ஒரு படி கீழே வெளியே வந்தார். மனு பாகரும் தன் மூன்றாவது ஃபைனலான 25 மீட்டர் பிஸ்டலில் அப்படித்தான். ஹங்கேரிக்காரியோடு சமன் ஆகி, கூடுதல் சுற்றில் தோற்றார். அதே மனு முதல் பதக்கம் வாங்கிய அன்று வெள்ளியைத் தவறவிட்டது 0.1 புள்ளியில். அதை யாரும் துக்கமாகப் பேசவில்லை, கையில் வெண்கலம் இருந்ததால்.

அங்கிதா பகத்தும் தீரஜ் பொம்மதேவராவும், வில்வித்தை கலப்பு இரட்டையர். ஒலிம்பிக் வில்வித்தையில் இந்தியர் அரையிறுதி வரை போனது இதுதான் முதல் முறை. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அமெரிக்கா 6-2. இது நூலிழை இல்லை, தெளிவான தோல்வி. நூலிழை என்ற சொல்லைப் பத்திரிகைக்காரர்கள் ஆறுக்கும் போட்டார்கள். எழுதிப் பார்த்தால்தான் எது ஒரு தட்டு, எது நான்கு புள்ளி என்று தெரிகிறது.

ஆறாவது லக்ஷ்யா சென். இவரிடம் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். ஒலிம்பிக் பேட்மிண்டனில் அரையிறுதிக்குப் போன முதல் இந்திய ஆண். அங்கே டென்மார்க்கின் அக்ஸெல்சனோடு முதல் கேமில் 20-17 என்று முன்னால் இருந்தார், 20-22இல் விட்டார். இரண்டாவது கேமில் 7-0 என்று தொடங்கி 14-21இல் விட்டார். மறுநாள் வெண்கலத்துக்கு மலேசியாவின் லீ ஸீ ஜியா. முதல் கேம் 21-13 நமக்கு. அப்புறம் 16-21, 11-21. முழங்கையில் ரத்தம், கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினார். வழிகாட்டியாகக் கூடப் போயிருந்த பிரகாஷ் படுகோனே, அரசும் சங்கமும் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டன, இனிப் பொறுப்பு ஆட்டக்காரர்களுடையது என்ற பொருளில் பேசினார். அதற்காகப் பலர் அவர்மேல் பாய்ந்தார்கள். எனக்கு அவர் சொன்னது கசப்பாக இருந்தாலும் தப்பாகப் படவில்லை. மூன்று முறை முன்னால் நின்று மூன்று முறையும் விட்டதை அதிர்ஷ்டத்தின் தலையில் கட்ட முடியாது. முன்னால் நிற்கும்போது எப்படி ஆடுவது என்பதும் ஒரு பயிற்சிதான்.

ஆனால் இதே லக்ஷ்யா சென் 2021இல் ஸ்பெயினின் ஊயெல்வாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் அரையிறுதியில் ஸ்ரீகாந்திடம் தோற்றார். கழுத்தில் வெண்கலத்தோடு ஊர் திரும்பினார். அங்கே அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம் உண்டு, ஒலிம்பிக்கில் கிடையாது. ஆசிய விளையாட்டிலும் உண்டு. ஹாங்சோவில் பிரணாய் வாங்கிய வெண்கலம் அப்படி வந்ததுதான்.

குத்துச்சண்டையைப் பாருங்கள். விஜேந்தர், மேரி கோம், லவ்லினா என்று ஒலிம்பிக் குத்துச்சண்டையில் நமக்கு மூன்று பதக்கம். மூன்றும் அரையிறுதியில் தோற்று வாங்கிய வெண்கலம். அங்கே தோற்ற இருவரையும் மறுபடி மோதவிடுவதில்லை. மல்யுத்தத்தில் இன்னும் வேடிக்கை. 2008 பெய்ஜிங்கில் சுஷில் குமார் தோற்றது முதல் சுற்றிலேயே. அவரைத் தோற்கடித்தவர் இறுதிக்குப் போனதால் கதவு மறுபடி திறந்தது, வெண்கலம் வந்தது. நான் இவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. விதி கொடுத்த வாய்ப்பை விடாமல் பிடித்தவர்கள் அவர்கள். நான் சொல்வது, பதக்கம் என்பதில் பாதி உடம்பின் கணக்கு, பாதி விதிப் புத்தகத்தின் கணக்கு. முதல் சுற்றில் தோற்றவருக்குப் பதக்கம், அரையிறுதி வரை போனவருக்கு ஒன்றுமில்லை. இரண்டுமே நடக்கிற ஒரு பட்டியலை வைத்து ஒரு நாட்டின் உடல் வலிமையை அளப்பது தராசில் தூரத்தை அளப்பது மாதிரி.

பழைய இரண்டு நான்காம் இடங்களை நீங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மில்கா சிங், 1960, ரோம், 400 மீட்டர். மூன்றாவது வந்த தென்னாப்பிரிக்காவின் ஸ்பென்ஸ் 45.5, மில்கா 45.6. இதே ஸ்பென்ஸை 1958இல் கார்டிஃபில் காமன்வெல்த் தங்கத்துக்காக ஓடியபோது ஜெயித்தவர் மில்கா. பாதி ஓட்டத்துக்குப் பிறகு வேகத்தைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று அவர் வெண்கலம் வாங்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அன்று ஓடிய அந்த நேரத்தைத் தாண்ட இந்தியாவில் இன்னொருவர் வர முப்பத்தெட்டு வருஷம் ஆனது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நான்காம் இடத்துக்குப் பின்னால் நமக்கு எவ்வளவு பெரிய காலியிடம் இருந்தது என்பதை அந்த எண் சொல்கிறது. ஒரு வெண்கலம் கிடைத்திருந்தால் அந்தக் காலியிடத்தை இன்னும் அழகாக மூடியிருக்கும்.

பி.டி. உஷா, 1984, லாஸ் ஏஞ்சல்ஸ், 400 மீட்டர் தடை ஓட்டம். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு அந்த ஓட்டம் வைத்ததே அந்த வருஷம்தான் முதல். அரையிறுதியில் உஷா முதலாவது. ஃபைனலில் ருமேனியாவின் கொஜோகாரு 55.41, உஷா 55.42. தனக்குப் பழக்கமான சாப்பாடு கிடைக்காமல் அங்கே கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டு ஓடியதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். கடைசியில் நெஞ்சை முன்னால் தள்ளியிருந்தால் என்று நாற்பது வருஷமாகப் பேசுகிறோம். அந்தக் கஞ்சியைப் பற்றி அவ்வளவு பேசவில்லை.

இனி ஹாங்சோவுக்கு ஒரு நிமிடம் போய் வருவோம். 2023இல் நடந்த ஆசிய விளையாட்டில் நமக்கு 107 பதக்கம், அதில் 28 தங்கம். நூறைத் தாண்டியது அதுவே முதல் முறை. அடுத்த வருஷமே பாரிஸில் ஆறு. “நூத்தி ஏழு எங்கே போச்சு?” என்று பலர் கோபப்பட்டார்கள். எங்கும் போகவில்லை. அந்த 28 தங்கத்தைப் பிரித்துப் பார்த்தேன். வில்வித்தையில் ஐந்து, ஐந்துமே காம்பவுண்ட் வில்லில் வந்தவை. பாரிஸில் ரீகர்வ் வில் மட்டும்தான். கபடியில் இரண்டு, கிரிக்கெட்டில் இரண்டு, ஸ்குவாஷில் இரண்டு. ஸ்குவாஷ் தங்கங்களில் ஒன்று சென்னை தீபிகா பள்ளிக்கல் ஆடி வாங்கியது. இவை மூன்றும் பாரிஸில் கிடையாது. துப்பாக்கி சுடுதலின் ஏழு தங்கத்தில் ஐந்து, மூவர் அணிப் போட்டிகளில் வந்தவை. புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் இருந்த டிராப் அணி அதில் ஒன்று. அதுவும் ஒலிம்பிக்கில் இல்லை. ஆக 28இல் 16 தங்கங்களுக்குப் பாரிஸில் போட்டியே வைக்கவில்லை.

இதைச் சொன்னால் சிலர், “அப்ப அந்தத் தங்கமெல்லாம் சும்மாவா?” என்று கேட்கிறார்கள். சும்மா இல்லை. கபடியில் ஈரானை ஜெயித்துப் பாருங்கள், தெரியும். ஆனால் ஒரு பரீட்சையில் நூறு வாங்கிய பிள்ளை வேறு பாடத் திட்டத்தில் பரீட்சை எழுதப் போகிறது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டாமா? போட்டியே இல்லாதது ஒரு பக்கம். இருந்த இடத்திலும் ஹாங்சோவில் உலக சாதனையோடு தங்கம் வாங்கிய ரைஃபிள் வீராங்கனை சிஃப்ட் கவுர் சம்ரா பாரிஸில் தகுதிச் சுற்றோடு திரும்பினார். அதற்குப் பாடத் திட்டத்தைக் குறை சொல்ல முடியாது. லாஸ் ஏஞ்சல்ஸ் 2028இல் கிரிக்கெட், ஸ்குவாஷ், காம்பவுண்ட் கலப்பு இரட்டையர் எல்லாம் சேர்கின்றன. அப்போது பதக்கம் கூடினால் நாம் திடீரென்று வலுவாகிவிட்டோம் என்று மேடை போட்டுப் பேசுவார்கள். இப்போதே சொல்லி வைக்கிறேன், அதில் ஒரு பங்கு விதிப் புத்தகத்துக்குச் சேர வேண்டியது.

வினேஷ் போகத்தைப் பற்றிப் பேசாமல் இறங்கினால் என்னை விட மாட்டீர்கள். அவருக்கு நான்காம் இடம்கூட இல்லை. ஆகஸ்ட் 6ஆம் தேதி, 50 கிலோ பிரிவு. முதல் எதிரி ஜப்பானின் யூயி சுசாகி, சர்வதேசப் போட்டியில் அதுவரை யாரிடமும் தோற்காதவர். அவரை வினேஷ் ஜெயித்தார். அப்புறம் உக்ரைன், அப்புறம் கியூபா. ஒரே நாளில் மூன்று. மோதல்கள் முடிந்து ஏறி நின்றபோது எடை 2.7 கிலோ கூடுதல். ராத்திரி முழுக்க உடம்பைக் காயவைத்தார்கள், முடியை வெட்டினார்கள், உடையைக்கூடச் சுருக்கினார்கள். காலையில் 100 கிராம் மிச்சம். இரண்டாம் நாள் எடை தவறினால் விதிப்படி முழுப் போட்டியிலிருந்தும் நீக்கம், கடைசி இடம். முந்தைய நாளின் மூன்று வெற்றிகளும் பட்டியலில் இல்லை. அதற்கடுத்த நாட்களில் அமன் ஷெராவத் அரையிறுதியில் தோற்ற பிறகு பத்து மணி நேரத்தில் 4.6 கிலோ குறைத்து மறுநாள் வெண்கலம் வாங்கினார். அந்த அரையிறுதியில் அவரை ஜெயித்துத் தங்கம் வாங்கிய ஜப்பானின் ஹிகுச்சி, 2021இல் டோக்கியோவுக்கான ஆசியத் தகுதிப் போட்டியில் 50 கிராமில் வெளியேற்றப்பட்டவர்.

வினேஷ் வழக்கமாக மோதிய பிரிவு 53 கிலோ. அந்த இடத்துக்கு ஏற்கெனவே வேறொருவர் தகுதி பெற்றிருந்ததால் மூன்று கிலோ கீழே இறங்கினார். அந்த 100 கிராம் ஒரு ராத்திரியில் சேர்ந்ததில்லை. ஒரு வருஷம் முன்பே, டெல்லி நடைபாதையில் மல்யுத்த வீராங்கனைகளின் போராட்டத்தில் அவர் உட்கார்ந்திருந்த மாதங்களிலேயே, சேரத் தொடங்கியது என்பது என் கணக்கு.

ஒலிம்பிக் கிராமத்து மருத்துவமனையில் படுத்திருந்த வினேஷைப் பார்க்கப் போனவர் இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவர். அந்தப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. தலைவர் யார்? பி.டி. உஷா. ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்கை இழந்தவரும் நூறு கிராமை இழந்தவரும் ஒரே படத்தில். அந்தச் சந்திப்பைப் பற்றி வினேஷ் பிறகு வருத்தமாகத்தான் பேசினார். அதற்குள் நான் போகவில்லை. படத்தைப் பார்த்த அன்று எனக்கு அந்த மூன்று வரிப் படிவம்தான் ஞாபகம் வந்தது.

நம் வட்டாரப் போட்டி அடுத்த மாதம். படிவம் எப்போதும்போல அச்சாகித்தான் வரும், மூன்று வரியோடு. ஸ்கேல் வைத்துக் கீழே இன்னும் ஐந்து கோடு போடுங்கள். எட்டு லேனுக்கும் எட்டு வாட்ச் இருக்காது, தெரியும். செல்போனில் முடிவுக் கோட்டை வீடியோ எடுத்தால் போதும், ராத்திரி உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம். ஓய்வு பெறும் வரை நான் பென்சிலில் நான்காவது வரி மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். மிச்ச நான்கு பேரை நானும் விட்டுவிட்டேன்.

மணி ஆகிவிட்டது. கேள்வி இருந்தால் கேளுங்கள். பின்வரிசையில் ஒரு டீச்சர் ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார், மைக்கை முதலில் அவரிடம் கொடுங்கள்.